சாய்ந்த புகைக்கூண்டும் ஒரு கிரயமும்

அந்த வீட்டின் குறையை முதலில் சொன்னது பக்கத்துச் சந்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த ஒரு பையன்தான். மொட்டை மாடிக்குப் போய்விட்ட பந்தை எடுத்துப் போடச் சொல்லிக் கீழேயிருந்து கத்தினான். வீடு பார்க்க வந்திருந்த டீச்சர் அப்போது மாடியில் நின்றிருந்தார். பந்தை எடுக்க நாலு எட்டு வைத்ததும் கீழேயிருந்து அடுத்த கத்தல்:

"மிஸ், அந்தக் கூண்டுகிட்டப் போகாதீங்க, சாஞ்சிருக்கு!"

நிமிர்ந்து பார்த்தார். சாய்ந்துதான் இருந்தது.

2018 அக்டோபர் கடைசி. இடம், திருவானைக்காவல் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒன்று. டீச்சருக்குத் திருவரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம். கணவர் பன்னிரண்டு வருஷமாக மஸ்கட்டில். கொண்டையம்பேட்டையில் வாடகை வீடு. பன்னிரண்டு வருஷ மஸ்கட் வெயிலைக் கூட்டிப் பெருக்கி ஒரு தொகையாக்கி, அதோடு பாங்கியில் கொஞ்சம் கடனும் வாங்கினால் ஒரு பழைய வீடு வாங்கலாம் என்ற நிலை. புது அபார்ட்மெண்ட் வேண்டாம், கிணறும் முற்றமும் உள்ள வீடுதான் வேண்டும் என்பது டீச்சரின் பிடிவாதம். கணவர் போனில் சரி சரி என்பார். அங்கே உட்கார்ந்துகொண்டு அவர் வேறு என்னதான் சொல்ல முடியும்?

வீட்டுக்காரர் ஒரு மாமி. எழுபதைத் தாண்டியவர். கணவர் காலமான பிறகு தனியாக இருந்தார். பெங்களூரிலிருந்த பெண் வீட்டோடு போய்விடலாம் என்று முடிவெடுத்திருந்தார். விலை 48 லட்சம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லையில் கிணறு. திருவானைக்காவல் கிணற்றில் தண்ணீருக்கு என்ன குறை? காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கும் மண் இது. பஞ்சபூதத் தலங்களில் நீருக்கானது இங்கேதான் இருக்கிறது, ஜம்புகேஸ்வரர் சன்னதியில் லிங்கத்தைச் சுற்றித் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். ஆற்றில் தண்ணீர் வந்தால் வீட்டுக் கிணறுகளிலும் மட்டம் ஏறும். கிணற்றை எட்டிப் பார்த்ததுமே டீச்சருக்கு வீடு பிடித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மாடி ஏறினார், பந்து, பையன், கூண்டு எல்லாம்.

இப்போது படிக்கிற பிள்ளைகளில் பலர் புகைக்கூண்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். சமையல்கட்டில் விறகடுப்பு இருந்த காலத்தில், அடுப்புக்கு மேலே சுவரோடு சேர்த்து ஒரு குழல் மாதிரி செங்கல்லால் கட்டிக்கொண்டு போய், கூரைக்கு மேலே நாலைந்து அடி நீட்டிவிடுவார்கள். புகை அந்த வழியே போய்விடும். சூடான காற்று லேசானது, அதனால் மேலே போகிறது. அது போகிற வேகத்தில் அடுப்படிக் காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. அவ்வளவுதான் தத்துவம். எல்லார் வீட்டிலும் இது இருக்காது. கூரை ஓட்டைத் தூக்கி வைத்தோ, முற்றத்துப் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்தோ சமாளித்தவர்கள்தான் அதிகம். கொஞ்சம் வசதியான மச்சு வீடுகளில்தான் கூண்டு.

மாமி வீட்டுக் கூண்டு மாடித் தளத்துக்கு மேல் ஆறடி உயரம், இரண்டடிச் சதுரம். சாய்ந்திருந்த திசை தென்மேற்கு. அந்தப் பக்கம்தான் சந்து. சந்தில்தான் கிரிக்கெட்.

"அது இருபது வருஷமா அப்படித்தாம்மா நிக்கறது" என்றார் தரகர்.

இருபது வருஷமாக நிற்கிறது என்பது ஆறுதலா, எச்சரிக்கையா? அதுதான் டீச்சருக்குப் புரியவில்லை. மூன்று மாதத்துக்கு முன்பு கேட்டிருந்தால் அவரும் ஆறுதல் என்றே எடுத்துக்கொண்டிருப்பார். ஆனால் அந்த ஆகஸ்டில் ஊர் முழுக்க ஒன்றைப் பார்த்திருந்தது.

திருவானைக்காவலையும் நம்பர் ஒன் டோல்கேட்டையும் இணைத்துக் கொள்ளிடத்தின் மேல் நின்ற பழைய இரும்புப் பாலம் 1928-இல் கட்டியது. 2016-இல் பக்கத்திலேயே புதுப்பாலம் வந்ததும் பழையதில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். 2018 ஜூலையில் மேட்டூர் அணை 120 அடி நிரம்பி, உபரித் தண்ணீர் கொள்ளிடத்தில் திரும்பியது. ஆகஸ்டில் வெள்ளம் கூடியபோது நடுவிலிருந்த தூண்கள் சில சரிந்து, பாலத்தின் ஒரு பகுதி ஆற்றுக்குள் போனது. அதே மாதம் 22-ஆம் தேதி இரவு முக்கொம்பில், 1836-இல் கட்டிய மேலணையின் மதகுகளில் ஒன்பது உடைந்தன. தொண்ணூறு வருஷம் நின்ற பாலமும், நூற்றெண்பது வருஷம் நின்ற அணையும் ஒரே வாரத்தில். இத்தனை நாள் நின்றது என்பதை வைத்து நாளைக்கும் நிற்கும் என்று சொல்லும் தைரியம் அந்த மாதத்தோடு திருவானைக்காவல்காரர்களுக்குப் போய்விட்டது.

பாலத் தூணில் கல்லும் கட்டும் கெட்டியாக இருந்தாலும், அடியில் இருந்த மணலை வெள்ளம் அரித்துக்கொண்டு போனால் தூண் என்ன செய்யும்? மேலே சாய்வதற்குக் காரணம் கீழே இருக்கிறது. டீச்சர் இதை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கூட இருந்தார். ஆனால் மாமி வீட்டு மாடியில் நின்றபோது அது அவருக்கு நினைவுக்கு வரவில்லை. பாடம் வேறு, வீடு வேறு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போனார். பழைய வீடுகளில் வேலை பார்த்தவர். வந்தவர் கூண்டைத் தொடவில்லை. தூக்குக்குண்டை எடுத்து மேல் விளிம்பிலிருந்து விட்டார். கீழே நூலுக்கும் சுவருக்கும் இடையே இரண்டரை அங்குலம்.

"விழுந்துடுமா மேஸ்திரி?"

"இன்னிக்கு விழாது டீச்சர்."

இதற்கு ஒரு கணக்கு உண்டு. சாய்ந்த ஒரு கட்டடத்தின் மொத்த எடையும் அதன் நடுப்புள்ளியிலிருந்து நேராகக் கீழே இறங்குவதாக வைத்துக்கொண்டால், அந்தக் கோடு அடிப்பாகத்தின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் விழும் வரை, எந்தப் பக்கமும் செங்கல் பிரிந்து வாய் திறக்காது. இரண்டடிச் சதுரம் என்றால் நடு மூன்றில் ஒரு பங்கு எட்டு அங்குலம். மையத்திலிருந்து எந்தப் பக்கமும் நாலு அங்குலம். உச்சியில் இரண்டரை அங்குலம் சாய்ந்தால் பாதி உயரத்தில் ஒன்றேகால் அங்குலம்தான் விலகல். நாலுக்கு ஒன்றேகால். நன்றாகவே பாஸ். டீச்சர் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்து, நிம்மதியாகக் காபி குடித்தார்.

ஆனால் இந்தக் கணக்கு, கூண்டு நிற்கிற தரை அசையாது என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு. தவிர, அது ஒரு நாளைய கணக்கு. போட்டோ மாதிரி. சாய்ந்து முடிந்துவிட்டதா, இன்னும் சாய்ந்துகொண்டிருக்கிறதா என்பதைப் போட்டோ சொல்லாது. இத்தாலியில் பைசா கோபுரத்துக்கும் இதே தொல்லைதான். 1173-இல் கட்ட ஆரம்பித்து, மூன்றாவது மாடி எழும்பும்போதே சாயத் தொடங்கிய கோபுரம் அது. எண்ணூறு வருஷம் நின்றதே என்று விட்டுவிடாமல் 1990-இல் பூட்டினார்கள், வருஷத்துக்கு எவ்வளவு நகர்கிறது என்று அளந்துகொண்டே வேலை பார்த்தார்கள். சாயாத பக்கத்து அடிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, உச்சியை நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் பின்னுக்குக் கொண்டுவந்து, 2001-இல்தான் திறந்தார்கள்.

மேஸ்திரிக்குப் பைசாவைத் தெரியாது. ஆனால் அளக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. கூண்டும் தளமும் சேர்கிற இடத்தில் ஒரு மயிரிழை வெடிப்பு. அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்ட் வைத்துப் பூசினார். பக்கத்தில் ஆணியால் தேதியைக் கீறினார். வெடிப்பு ஒரு நூல் அகலம் விரிந்தாலும் கண்ணாடி வளையாது, உடைந்துவிடும். காசு செலவில்லாத கருவி.

"ரெண்டு மாசம் பாப்போம்" என்றார்.

ரெண்டு மாசமா! தரகர் பதறிவிட்டார். இன்னொரு பார்ட்டி ரெடியாக இருக்கிறது, ரொக்கம், பாங்கிக் கடன் தொல்லைகூடக் கிடையாது என்றார். (தரகர்களிடம் இந்த இன்னொரு பார்ட்டி எப்போதும் ரெடியாகவே இருப்பது ஒரு ஆச்சரியம்.) மாமிதான், "அவ பாத்து நிதானமா வாங்கட்டும், நேக்கும் ஜனவரிக்கு மேலதான் சௌகரியம்" என்று அடக்கினார்.

காத்திருந்த நாட்களில் டீச்சர் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் தேடியதில் இங்கிலாந்து வீடுகளைப் பற்றிய விவரம் கிடைத்தது. அங்கே குளிருக்காக எல்லா அறையிலும் நெருப்பு மூட்டுவார்கள், அதனால் பழைய வீடுகளின் தலையில் எல்லாம் புகைபோக்கி. அவை சாய்வது ஒரு பொதுவான வியாதி. நிலக்கரிப் புகையில் கந்தகம் உண்டு. அது ஈரத்தோடு சேர்ந்து, சிமெண்டில் இருக்கும் அலுமினேட் சேர்மங்களோடு வினைபுரிந்து உப்பாகிப் பருமன் கூடும். மழை அடிக்கிற பக்கம்தான் அதிகம் நனைகிறது, அந்தப் பக்கம் காரை அதிகம் உப்புகிறது. ஒரு பக்கம் உயரம் கூடினால் மறுபக்கம் சாயத்தானே வேண்டும்? ஆகவே மழைக்கு முதுகு காட்டி வளைகிறது.

டீச்சருக்கு ஒரே சந்தோஷம். நம்ம ஊரில் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருகிறது. கூண்டு சாய்ந்திருப்பது தென்மேற்கே. அச்சாகப் பொருந்துகிறது! அப்படியென்றால் குறை மேலே, வெறும் காரையில்தான். இறக்கிக் கட்டிவிட்டால் தீர்ந்தது. மஸ்கட்டுக்குப் போன் போட்டு, "ஏங்க, காரணம் கண்டுபிடிச்சுட்டேன்" என்றுகூடச் சொல்லிவிட்டார்.

பொருந்துகிற காரணம் எல்லாம் சரியான காரணம் ஆகிவிடாது. விறகில் கந்தகம் மிகவும் குறைவு. மாமி வீட்டுக் கூண்டில் சிமெண்டே கிடையாது, சுத்தச் சுண்ணாம்புக் காரை. இங்கிலாந்து வியாதி வருவதற்கு வேண்டிய இரண்டும் இங்கே இல்லை. திசை பொருந்தியது தற்செயல். அறிவியல் டீச்சருக்கு இது தோன்றாமல் போனது ஏன் என்றால், வீடு பிடித்துவிட்டிருந்தது. பிடித்த வீட்டுக்கு லேசான வியாதியாக இருக்க வேண்டும் என்றுதான் மனசு ஆசைப்படும்.

நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. டெல்டாவைப் புரட்டிப்போட்ட புயல். திருச்சியிலும் காற்றும் மழையுமாக இருந்தது. கூண்டு விழுந்திருக்கும் என்றே டீச்சர் நினைத்தார். மறுநாள் போய்ப் பார்த்தால் அப்படியே நிற்கிறது. கண்ணாடியிலும் கீறல் இல்லை. புயலையே தாங்கிவிட்டது, இனி என்ன பயம் என்று அட்வான்ஸ் கொடுக்க நாள்கூடப் பார்த்தாகிவிட்டது.

மார்கழி மாதம், காற்றும் இல்லை, மழையும் இல்லை. ஜனவரி முதல் வாரத்தில் மேஸ்திரி சும்மா ஒரு எட்டுப் போனார். கண்ணாடி நடுவில் இரண்டாக உடைந்திருந்தது.

புயலில் உடையாத கண்ணாடி பனிக்காலத்து அமைதியில் உடைந்தது என்றால் தள்ளியது காற்றில்லை. மேஸ்திரி வெகுநேரம் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "நிக்கிற ஆளு சாயலை டீச்சர். அவன் நிக்கிற பலகை சாயுது."

தெருவிலேயே பொதுப்பணித்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எஞ்சினீயர் ஒருவர் இருந்தார். அவரையும் கூப்பிட்டார்கள். அவர் மாடிக்கே வரவில்லை. நேரே சமையல்கட்டுக்குப் போய் மேலே பார்த்தார். கூண்டு இருக்க வேண்டிய இடத்துக்கு நேர் கீழே பரண். பரண் முழுக்கப் பித்தளை அண்டா, வெண்கலப் பானை, ஊறுகாய் ஜாடி, கொலுப் பொம்மைப் பெட்டிகள். "இதெல்லாம் கொஞ்சம் இறக்கணுமே மாமி" என்றார். இறக்கவே அரை நாள் ஆனது.

பரணுக்குப் பின்னால் கூண்டின் கீழ்ப்பாதியே இல்லை.

அடுப்படியிலிருந்து எழும்பி வந்திருக்க வேண்டிய செங்கல் குழலைக் கூரை மட்டம் வரை இடித்து எடுத்திருந்தார்கள். மேலே நின்ற ஆறடிக் கூண்டுக்குக் கீழே சுவர் கிடையாது. கூரையின் இரண்டு மரச்சட்டங்கள் மேல் உட்கார்ந்திருந்தது. எஞ்சினீயர் அங்கேயே மனக்கணக்குப் போட்டார், கிட்டத்தட்ட ஒரு டன். கூரையோ மெட்ராஸ் டெரஸ்: உத்தரம், அதன் மேல் வரிசையாகச் சட்டங்கள், சட்டங்களுக்கு மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு அடித்தது. தன் எடையையும், வடாம் காயப்போடுகிறவர்களின் எடையையும் தாங்கத்தான் அந்தச் சட்டங்கள். ஒரு டன்னை ஒரே இடத்தில் சுமக்க அல்ல.

"எண்பத்தாறுல காஸ் வந்துது. விறகடுப்பை எடுத்துட்டு மேடை போடலாம்னு எங்காத்துக்காரர்தான் இடிக்கச் சொன்னார்" என்றார் மாமி. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. முப்பது வருஷம் குனிந்து ஊதின அடுப்பு போய், நின்றுகொண்டு சமைக்க ஒரு மேடை வந்த வருஷம். அவருக்கு அது எப்படிக் குறையாகத் தெரியும்? "மேல இருக்கறது அழகா இருக்கு, இருக்கட்டும்னு விட்டுட்டார்" என்று சேர்த்துக்கொண்டார்.

மேஸ்திரி ஏணி போட்டு ஏறி, தென்மேற்குப் பக்கத்துச் சட்டத்தின் முனையில், அது சுவருக்குள் போகிற இடத்தில், ஒரு ஆணியை வைத்துக் கட்டை விரலால் அழுத்தினார். வெல்லக்கட்டியில் இறங்குவது போல இறங்கியது.

இப்போது எல்லாம் கோவையாகப் புரிந்தது. அடுப்பு எரிந்த நாளில் தினமும் இரண்டு வேளை சூடு ஏறிக் குழல் உலர்ந்துவிடும். உள்ளே விழுந்த மழையும் ஆவியாகிவிடும். அடுப்பு நின்றதும் சூடும் நின்றது. மேலே வாய் மட்டும் திறந்தே இருந்தது. முப்பது மழைக்காலம் அந்த வாய் வழியாகத் தண்ணீர் இறங்கி, சட்டத்தின் முனையில் ஊறியிருக்கிறது. ஈரமும் சுண்ணாம்புச் சுவரும் சேர்ந்தால் தேக்கும் எத்தனை நாள் தாங்கும்? முனை நசுங்க நசுங்க, மேலே கூண்டு அந்தப் பக்கமாகத் தலை சாய்த்திருக்கிறது. புகைக்காகக் கட்டியது புகை போனதால் கெட்டது.

டீச்சர் அன்றைக்குத் தூங்கவில்லை. அவருக்குச் சந்தில் ஆடுகிற பையன்கள்தான் கண்ணில் நின்றார்கள். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டால் அவர் பணம் தப்பும். அடுத்து வருகிறவர் கண்ணாடித் துண்டு வைத்துப் பார்ப்பாரா? மாமி புது வெள்ளை அடித்து விற்றுவிடுகிற ஆள் இல்லைதான். ஆனால் தரகர் ஏற்கெனவே ஒரு யோசனை சொல்லியிருந்தார்: நாலு மூட்டை சிமெண்ட் வாங்கிக் கூண்டைச் சுற்றிப் பூசி நிமிர்ந்த மாதிரி காட்டிவிடலாமாம்! சாய்ந்து கிடப்பதன் தலையில் இன்னும் எடையை ஏற்றுகிற வேலை. சுண்ணாம்புக் கட்டின் மேல் சிமெண்டைப் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வரவும் வழி இருக்காது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு, ஒரு டன் பூசணிக்காயை மறைக்கப் பார்த்தவர் இவர்தான்.

பத்திரம் பார்க்கிற வக்கீலிடம் போனார்கள். அவரிடம் ஏற்கெனவே ஒரு வேலை முடிந்திருந்தது. திருவரங்கத்திலும் திருவானைக்காவலிலும் வீடு வாங்குகிறவர்கள் செங்கல்லைப் பார்ப்பதற்கு முன்னால் மண்ணைப் பார்க்க வேண்டும். வீடு நம்முடையது, அடிமனை கோயிலுடையது என்று பல தலைமுறையாக இழுபடும் வழக்குகள் இங்கே உண்டு. அப்படிப்பட்ட இடத்தைப் பதிவு செய்யப் போனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மாமி வீட்டில் அந்தச் சிக்கல் இல்லை, தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் சுத்தமாக இருந்தன. ஆகவே பேச்சு நேரே கூண்டுக்கு வந்தது.

1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தில் 55-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. விற்கிறவருக்குத் தெரிந்து, வாங்குகிறவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் வாங்குகிறவர் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை எதுவும் இருந்தால், விற்கிறவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடிக்குச் சமம். மறுபக்கம் என்னவென்றால், கண்ணுக்கு எதிரே நிற்கிற குறையை விற்கிறவர் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காமல் வாங்கியது வாங்கியவர் பாடு.

இந்தக் கூண்டை அந்தச் சட்டத்தில் எங்கே வைப்பது? மாடிக்கு மேலே சாய்ந்து நிற்கும் ஆறடியும் ஊருக்கே தெரியும். ஐந்தாம் வகுப்புப் பையன் பார்த்ததை டீச்சர் பார்க்கவில்லை என்று எந்தக் கோர்ட்டிலும் சொல்ல முடியாது. பரணுக்குப் பின்னால் இல்லாமல் போன சுவரும், உளுத்த சட்டமும் வேறு. அண்டாவை இறக்காமல் அவை தெரியாது. இடித்தது மாமிக்குத் தெரியும், அதனால்தான் கூண்டு சாய்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அப்போது அது தெரிந்த குறையா, தெரியாத குறையா? வக்கீல் சிரித்துவிட்டு, இதை வைத்துப் பத்து வருஷம் வழக்கு நடத்தலாம், இரண்டு பேருக்குமே ஆயுசு வீண் என்றார். இன்னொன்றும் சொன்னார். உரிமை கைமாறிய பிறகு சொத்துக்கு வருகிற சேதம் வாங்கியவர் தலையில்தான். பதிவன்று மாலையே கூண்டு விழுந்தாலும் டீச்சருடைய கூண்டுதான் விழுந்தது. ஆகவே எதைச் செய்வதானாலும் பதிவுக்கு முன்னால் செய்துவிடுங்கள்.

திரும்பி வந்து மாமியிடம் எல்லாவற்றையும் அப்படியே சொன்னார் டீச்சர். விலையைக் குறைக்கத்தான் வருகிறாள் என்று மாமி முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நாற்பத்தைந்துக்கு முடியுங்கள் என்று டீச்சர் அப்போது கேட்டிருந்தால் மாமி ஒப்புக்கொண்டுகூட இருப்பார். பெங்களூர் டிக்கெட் போட்டாகிவிட்டது. மஸ்கட்டிலிருந்து கணவரும், "கேட்டுப் பாரேன்" என்றுதான் சொன்னார். டீச்சர் அதைச் செய்யவில்லை. அது நல்ல மனசாலா, சந்துப் பையன்களை நினைத்து வேலை சீக்கிரம் முடியட்டும் என்ற அவசரத்தாலா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். வேலைக்கு ஆகிற செலவை மட்டும் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றார். கூண்டை இறக்குகிற கூலி டீச்சருடையது. சட்டம் மாற்றிக் கூரையைச் சரிசெய்கிற செலவு மாமியுடையது, அதை அட்வான்சிலிருந்து எடுத்துக்கொள்வது.

மாமி கொஞ்சம் யோசித்தார். "அதாவது கண்ணுக்குத் தெரிஞ்சது உன் கணக்கு, தெரியாதது என் கணக்கு."

"ஆமா மாமி."

"நன்னா இருக்கே உங்க சட்டம்!"

ஒப்புக்கொண்டார். கிரய ஒப்பந்தத்தில் அதற்காக நாலு வரி எழுதினார்கள். வேலை முடிகிற வரை சந்தின் இரண்டு முனையிலும் கயிறு கட்டி வைத்ததில் பையன்களுக்குத்தான் மகா கோபம்.

இறக்குவது என்றால் கயிறு கட்டி இழுப்பது இல்லை. முதல் நாள் மேலே யாரும் ஏறவே இல்லை. சமையல்கட்டில் சவுக்குக் கட்டைகளை நிறுத்தி, சட்டங்களுக்கு முட்டுக் கொடுத்தார்கள். கூண்டை இறக்கும்போது கூரை தடுமாறக் கூடாது இல்லையா? மறுநாள் கூண்டைத் தொடாமல் தனியாகச் சாரம் கட்டி, மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்துச் சட்டியில் வைத்து இறக்கினார்கள். காரை மாவாக உதிர்ந்தது, கல்லை எடுக்க உளியே தேவைப்படவில்லை. உள்பக்கம் முழுக்க முப்பது வருஷத்துக்கு முந்தைய கரி. சித்தாள் இரண்டு பேரும் மேஸ்திரியும் சாயங்காலம் இறங்கி வந்தபோது மூன்று பேரையும் அடையாளம் தெரியவில்லை. கூலி கொடுக்கும்போது மாமி, திருநீற்றான் மதில் கட்டினவர்களுக்குச் சித்தராக வந்த சிவன் திருநீற்றைக் கூலியாகக் கொடுத்தார், உழைப்புக்குத் தக்கபடி அது பொன்னாயிற்று என்ற கதையைச் சொன்னார். "எங்களுக்குக் கரிதான் கிடைச்சுது மாமி, பணமாவே குடுத்துருங்க" என்றார் மேஸ்திரி.

உளுத்த சட்டத்தை எடுத்துப் புதுச் சட்டம் போட இன்னும் ஆறு நாள். கூண்டு இருந்த இடத்தில் கூரையில் ஒரு சதுர ஓட்டை மிச்சம். மூடிவிடலாம் என்றார் மேஸ்திரி. டீச்சர் அதைச் சுற்றி நாலு விரல் உயரத்துக்கு வரம்பு கட்டி, தடித்த கண்ணாடி போடச் சொன்னார்.

2019 பிப்ரவரியில் பதிவு முடிந்தது. மாமி பெங்களூர் போய்விட்டார். சந்தில் ஆட்டம் மறுபடி ஆரம்பித்தது. காலை பத்து மணிக்கு அந்தக் கண்ணாடி வழியே ஒரு சதுர வெயில், எண்பத்தாறில் போட்ட மேடையின் மேல் விழுந்து, மெல்ல நகர்ந்து, பதினொன்றரைக்குத் தரையில் இறங்குகிறது.

அந்த வருஷம் ஐப்பசியில் முதல் பெரிய மழை பெய்த அன்றைக்கு மாமியிடமிருந்து போன்.

"கூண்டு இருந்த எடத்துல ஒழுகறதாடி?"

"இல்லை மாமி."

"ஆணி வச்சுப் பாத்தியோ?"